சித்தம் கலங்கியவன் மீது குற்றம் உண்டா?

நமது வட்டாரத்தில் தீக்குச்சியைப் பார்க்கும் பார்வையே வேறு. விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில், வாசலிலேயே பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக் கொண்ட பிறகுதான் ஆளை உள்ளே விடுவார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டதையும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதையும் கண்ட மக்கள் நாம். இப்படிப்பட்ட பூமியில் நள்ளிரவில் மருந்துக் கிடங்கின் சுற்றுச்சுவருக்குள் ஒருவன் தீப்பெட்டியுடன் பிடிபட்டால், அவனை ஏன் எதற்கு என்று கேட்பாரில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் ஓர் இளைஞன் பிடிபட்டான். கையில் மஞ்சள் பை. பைக்குள் பதினான்கு தீப்பெட்டிகள். காவலாளி கூச்சலிட, ஊர் திரண்டு அடித்தது. பிறகு போலீஸில் ஒப்படைத்தார்கள். தீ வைக்க வந்தவன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவன் நமது மஹல்லாவைச் சேர்ந்தவன்.

அவனைப் பற்றி நாம் முன்பே அறிந்திருந்தது இது: ஆலையில் வேலை செய்து கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் வெடி விபத்து நேர்ந்தது. இவன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றோடு உறக்கம் போயிற்று. ஒவ்வொரு வீட்டுத் தரைக்கடியிலும் வெடிமருந்து கொட்டிக் கிடக்கிறது, ஊரே எரியப் போகிறது என்று ஒரு குரல் தன்னிடம் சொல்வதாகச் சொல்லத் தொடங்கினான். வீடு வீடாகப் போய்த் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிக் கண்மாயில் கொண்டு போய்ப் போட்டு விடுவான். பள்ளிவாசலில் ஊதுபத்தி கொளுத்த வைத்திருந்த பெட்டியை நம்மிடமே இரண்டு முறை வாங்கிச் சென்றிருக்கிறான். நாமும் சிரித்துக் கொண்டே கொடுத்தோம். ஊரைக் கொளுத்த வந்தவன் என்று எழுதப்பட்டவன், தன் கலங்கிய அறிவுக்கு எட்டிய வரையில் ஊரைக் காக்கப் போனவன்.

மறுநாள் விசாரணைக்கு நம்மை அழைத்தார்கள். “பையன் எப்படி பாய்?” என்று அதிகாரி கேட்டார். பக்கத்தில் அவனுடைய அண்ணன் நின்று கொண்டிருந்தார். அடுத்த மாதம் தங்கைக்கு நிக்காஹ். அவர் ஒன்றும் பேசவில்லை. நம் முகத்தையே பார்த்தார். நாம் சொன்னோம்: “ஐந்து வேளையும் தொழுகிற பிள்ளை. நிதானமானவன். ஒரு குறையும் கிடையாது.” நற்சாட்சி சொல்லிவிட்டதாகவே எண்ணினோம். அவர்கள் அதை அப்படியே எழுதிக் கொண்டார்கள். நிதானமானவன் என்றால் நிதானித்தே தீ வைக்கப் போயிருக்கிறான் என்றல்லவா பொருள்! ஏறக்குறைய மூன்று மாதம் அவன் கிளைச் சிறையில் கிடந்தான். தங்கையின் நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. ஓதி வைத்தவர்களும் நாமே.

வாசகர்கள் நம்மைப் பொறுத்துக் கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத நமக்கு அருகதை இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். புத்தி பேதலித்தவன் செய்த காரியத்துக்கு அவன் குற்றவாளியா? மார்க்கத்தில் இதற்கு விடை தேட வேண்டிய சிரமமே இல்லை. அல்லாஹ் தஆலாவின் கட்டளைகள் அனைத்தும் அக்ல் என்னும் அறிவை நோக்கியே வருகின்றன. அது இல்லாதவன் முகல்லஃப் அல்லன். உறங்குகிறவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, சித்தம் கலங்கியவர் தெளியும் வரை அவர்கள் செய்வது ஏட்டில் ஏறுவதில்லை. எழுதுகிற பேனா அவர்களை விட்டும் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்துடைய ஹதீஸை மத்ரஸாவில் முதல் ஆண்டு ஓதுகிற பிள்ளையும் அறிவான்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டத்தை. ஒருவனுக்குச் சித்தம் கலங்கியிருக்கிறதா என்பதை யார் கேட்பது, எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது? மாஇஸ் (ரலி) அவர்கள் தாமாகவே வந்து தம் பாவத்தை ஒப்புக் கொண்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் உடனே தண்டனை விதித்து விடவில்லை. உமக்குப் பைத்தியம் ஏதும் உண்டா என்று அவரிடமே வினவினார்கள். அதோடும் நிற்கவில்லை, அவருடைய கூட்டத்தாரிடம் ஆளனுப்பி, இவருடைய அறிவில் ஏதேனும் கோளாறு கண்டதுண்டா என்று விசாரித்தார்கள். கேள்வியை எழுப்பியவர் தீர்ப்பு வழங்குகிறவர். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் கூட இருந்து பழகியவர்கள்.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில் நடந்ததும் பலருக்குத் தெரிந்ததே. விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணைத் தண்டனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். வழியில் ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் கண்டு தடுத்து நிறுத்துகிறார்கள். இவள் இன்ன கூட்டத்தாரைச் சேர்ந்த, புத்தி சரியில்லாத பெண் என்பது தெரிய வந்ததும் திருப்பி அழைத்துப் போய் உமர் (ரலி) அவர்களுக்குப் பேனா உயர்த்தப்பட்ட அந்த ஹதீஸை நினைவூட்டுகிறார்கள். ஓர் அறிவிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தச் செயல் நடந்த நேரத்தில் அவள் கலக்கத்தில் இருந்தாளா, தெளிவில் இருந்தாளா? எனக்குத் தெரியாது என்கிறார்கள் உமர் (ரலி). எனக்கும் தெரியாது என்கிறார்கள் அலீ (ரலி). இருவருக்கும் தெரியாது, அந்தத் தெரியாமையின் பலன் அவளுக்கே போய்ச் சேர்ந்தது. விடுவித்து விட்டார்கள்.

இந்நாட்டுச் சட்டமும் அடிப்படையில் இதற்கு மாறானதன்று. 1843-ல் இலண்டனில் மக்னாட்டன் என்பவர், ஆளுங்கட்சியினர் தம்மைத் துரத்தித் துன்புறுத்துவதாக வீண் நினைப்பு கொண்டு, பிரதமர் பீலின் அந்தரங்கச் செயலாளரான டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். சித்த சுவாதீனம் இல்லை என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாடெங்கும் எழுந்த ஆத்திரத்துக்குப் பதிலாக நீதிபதிகள் வகுத்த விதியையே 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் 84-ஆவது பிரிவாக ஏற்றுக் கொண்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 22-ஆவது பிரிவு. செய்கிற காரியம் இன்னதென்றோ, அது தவறு என்றோ, சட்டத்துக்கு விரோதம் என்றோ அறிய முடியாத அளவுக்கு ஒருவன் சித்தம் கெட்டிருந்தால் அது குற்றமாகாது. விடுதலை என்றதும் மக்னாட்டன் வீட்டுக்குப் போய்விடவில்லை என்பதையும் சொல்லி விடுவோம். 1865-ல் இறக்கும் வரை அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்தான் அடைபட்டிருந்தார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சித்தம் கலங்கியிருந்தது என்பதை எடுத்துக் காட்டும் பாரத்தை நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே வைக்கிறது. ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, இருந்திருக்கக் கூடும் என்று நீதிபதி ஏற்கும் அளவுக்குக் காட்டினால் போதும் என்று 1964-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பாரத்தைச் சற்றே இலேசாக்கியது. சம்பவத்துக்கு முன்பும், சம்பவத்தின்போதும், அதன் பின்பும் அவன் எப்படி நடந்து கொண்டான் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் முறை. ஆக, தன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாதவன், தனக்குப் புத்தி சரியில்லை என்பதற்கு ஆதாரம் கொண்டு வந்து வைக்க வேண்டும்! அவனால் எப்படி முடியும்? ‘முன்பு’ எப்படி இருந்தான் என்பதற்கான ஆதாரமெல்லாம் தாயிடமும், அண்ணனிடமும், பக்கத்து வீட்டாரிடமும், பள்ளிவாசல் இமாமிடமும் அல்லவா இருக்கிறது?

சட்டத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அன்று எப்படி இருந்தான் என்பது ஒன்று. இன்று கூண்டில் நின்று தன் வழக்கை நடத்திக் கொள்ளும் நிலையில் இருக்கிறானா என்பது மற்றொன்று. அந்நிலையில் இல்லையென்றால் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். இது அவன் நன்மைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. அந்த ஏற்பாடே படுகுழியாகி விடுவதும் உண்டு. அஸ்ஸாமில் மசாங் லாலுங் என்ற பழங்குடி மனிதர் 1951-ல், இருபத்து மூன்று வயதில், ஒருவரைக் காயப்படுத்தியதாகக் கைதாகித் தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் குணமாகி விட்டார் என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினார்களா? குவாஹத்தி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணை நடக்கவேயில்லை. 2005-ல் ஒரு ரூபாய் ஜாமீனில் அவர் வெளியே வந்தபோது 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டே ஆண்டில், 2007-ல், மௌத்தாகி விட்டார். அவரை எவரும் கொடுமைப்படுத்த நினைத்ததாகத் தெரியவில்லை. மறந்து போனார்கள், அவ்வளவுதான்.

எந்தக் குற்றமும் செய்யாமல் தெருவில் திரிந்த நோயாளிகளையும் சிறையில் அடைக்கும் வழக்கம் சில மாநிலங்களில் இருந்தது. ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில் அது சட்ட விரோதம், அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் 1993-ல் தீர்ப்பளித்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், திரிந்து கொண்டிருக்கும் நோயாளியைப் போலீஸார் தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது என்கிறது. ஏட்டில் நல்ல சட்டம். ஆயினும் போலீஸ் வருவதற்கு முன்பே தெருவில் ஒரு கோர்ட் கூடி விடுகிறதே, அதற்கு என்ன செய்வது? 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்ற வதந்தி பரவிய நாட்களில், பழவேற்காட்டில் மனநலம் குன்றித் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்க விட்டார்கள். நமது இளைஞனை உயிரோடு போலீஸில் ஒப்படைத்தார்களே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

“அப்படியானால் கொலை செய்தவனெல்லாம் பைத்தியம் என்று சொல்லித் தப்பித்து விடுவானே, செத்தவன் வீட்டுக்கு என்ன நியாயம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வேஷத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கும் நீதிபதிக்கும் உரிய வேலை. நாள்கணக்கில் வைத்துப் பார்த்தால் பொய்ப் பைத்தியம் வெளுத்து விடும். இழந்தவர்களின் உரிமையைப் பொறுத்தவரை நமது பிக்ஹு கலை அதைக் கைவிடவில்லை. சித்தம் கலங்கியவன் பிறர் பொருளை அழித்தால் அவன் சொத்திலிருந்து ஈடு கொடுத்தாக வேண்டும். உயிரைப் போக்கினால், ஹனஃபி மத்ஹபின்படி அது தவறுதலாக நேர்ந்த கொலையின் சட்டத்தில் வரும். பழிக்குப் பழி கிடையாது, ஆனால் நஷ்ட ஈடான தியத்தை அவனுடைய ஆகிலா, அதாவது உறவுக் கூட்டத்தார், கொடுக்க வேண்டும். (ஷாஃபிஈ இமாம்களிடம் இதில் சில விவரங்கள் உண்டு, அதை இங்கு விரிக்கவில்லை.) பாவம் வேறு, இழப்பு வேறு. பாவம் அவன் மீது எழுதப்படாது. இழப்புக்கு ஒருவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பு அறிவுள்ள உறவினர் தோளுக்கு மாறுகிறது. நான்கு பேர் வேலை செய்யத்தக்க அறையில் பத்துப் பேரை உட்கார வைத்து மருந்து செலுத்தச் சொல்கிறவர் புத்தி சுவாதீனம் உள்ளவர்தாம் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைப்போம். அவர் மீது பேனா ஓடிக் கொண்டேதான் இருக்கிறது.

பைத்தியம் என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடி விடுவதும் சரியல்ல. மஜ்னூன் வேறு, மஃதூஹ் வேறு என்று ஹனஃபி இமாம்கள் பிரித்தார்கள். மஃதூஹ் என்பவர் கொந்தளிக்க மாட்டார், அடிக்க மாட்டார். புரிதல் குறைவு, பேச்சில் குழப்பம். அவரை விவரம் தெரியத் தொடங்கிய சிறுபிள்ளையின் தரத்தில் வைத்தார்கள். மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-ல் தொடையில் 42.72 கிராம் ஹெராயின் கட்டிக் கொண்டு சிங்கப்பூருக்குள் நுழைகையில் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டது. ஆனாலும் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரியும் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2022 ஏப்ரல் 27-ல் தூக்கிலிட்டார்கள். தெரியும் என்பதிலும் எத்தனை படித்தரங்கள்! ஏழு வயதுப் பிள்ளைக்கும்தான் நெருப்பு சுடும் என்று தெரியும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அந்த இளைஞனின் தாயாரிடம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கொடுத்த சீட்டு இருந்தது. இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறார். மாத்திரையும் வாங்கியிருக்கிறார். மூன்றாம் முறை போகவில்லை, பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கு எட்டி விடும் என்று. சீட்டை அரிசிப் பானைக்குள் வைத்து விட்டார். மகன் சிறையில் கிடக்கும்போதும் அதை வெளியே எடுக்கவில்லை. அவரை நாம் எப்படிக் குறை சொல்வோம்? அவர் பானைக்குள் மறைத்ததைத்தான் நாம் நாவுக்குள் மறைத்தோம்.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நன்மை என்று நாம் மிம்பரில் சொல்கிறோம். புறம் பேசாதீர்கள் என்கிறோம். அப்படியிருக்க, ஒருவரின் சித்தக் கலக்கத்தைப் போலீஸிடமும் கோர்ட்டிலும் சொல்வது கீபத் ஆகாதா என்று மஹல்லாவில் ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். அன்று நமக்கிருந்த தயக்கமும் அதுதான். யோசித்துப் பார்த்தால், முதலில் நோய் என்பது ஐபு அல்ல. காய்ச்சல் வந்தவனைப் பற்றிக் காய்ச்சல் என்று சொல்வது மானக்கேடா? இரண்டாவது, அநீதியை முறையிடவும், மார்க்கத் தீர்ப்பு கேட்கவும், பிறருக்கு வரும் தீங்கைத் தடுக்கவும் ஒருவரின் நிலையை எடுத்துச் சொல்வது கீபத் ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். மூன்றாவது, சாட்சியத்தை மறைக்கிறவனின் உள்ளம் பாவத்துக்கு உரியது என்று சூரத்துல் பகரா எச்சரிக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து அவன் கிறுக்கன் என்று பேசுவது கீபத். நீதிபதி முன்னால் அவன் நோயாளி என்று சொல்வது ஷஹாதத். நாம் செய்ததோ தலைகீழ். டீக்கடையில் எல்லோரும் பேசினோம். கேட்க வேண்டியவர் கேட்டபோது வாயை மூடிக் கொண்டோம்.

இந்த மறைப்புக்கு நம் சமுதாயம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், தனியார் விடுதி ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர். எந்தக் கோர்ட்டும் அவர்களுக்குத் தண்டனை விதித்ததில்லை. சங்கிலி போட்டு விட்டுப் போக ஒப்புக் கொண்டவர்கள் சொந்தக்காரர்கள். துஆவோடு தவாவும் சேரட்டும் என்று அங்கேயே மனநல மருத்துவரைக் கொண்டு வந்து வைத்த அரசுத் திட்டம் பின்னாளில் வந்தது. ஷிபா அளிப்பவன் அல்லாஹ். மாத்திரையும் அவன் படைத்ததே.

தாய்மார்கள் அறிந்து கொள்ள வேண்டிய சில சங்கதிகளைச் சொல்லி விடுகிறோம். மருத்துவச் சீட்டைக் கிழிக்க வேண்டாம். பத்து வருடச் சீட்டானாலும் வைத்திருங்கள். வீட்டுப் பிள்ளை கைதானால், சிகிச்சையில் இருக்கிறவன் என்பதை முதல் நாளே அதிகாரியிடமும், ரிமாண்டுக்குக் கொண்டு போகும்போது மாஜிஸ்திரேட்டிடமும் சொல்ல வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் காவலில் இருப்பவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். நமது மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இயங்குகிறது. தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை வழக்கு வருமே என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பயந்த காலமும் மாறி விட்டது. கடும் மன உளைச்சலில் செய்தார் என்றே 2017-ன் சட்டம் எடுத்துக் கொள்கிறது. அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்ய விடாமல் மிரட்டுவதற்காகச் செய்தாலொழிய, புதிய தண்டனைச் சட்டத்தில் அது குற்றமுமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. வழக்கு நிறுத்தப்பட்டாலும், நோயின் காரணமாக விடுதலையே ஆனாலும், பார்த்துக் கொள்கிறோம் என்று கையெழுத்திட்டு அழைத்துப் போக உறவினர் வந்து நின்றால்தான் நோயாளி வீடு வந்து சேர வழி பிறக்கும். எவரும் வராவிட்டால் காவல்தான்.

நமது இளைஞனின் விஷயத்தில் உண்மையைக் கண்டுபிடித்தவர், சிறைக்கு வந்து போகிற சட்ட உதவி வக்கீல் ஒருவர். மற்ற கைதிகளிடம் இவன் தீப்பெட்டி கேட்டுக் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறார். நெருப்பு வைக்கிறவன் வாங்கிய பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவானா என்று அவருக்குத் தோன்றியது. ஊருக்கு வந்து விசாரித்தார். தாயார் அழுது கொண்டே பானைக்குள் கையை விட்டார். கோர்ட் அவனை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது. வழக்கை நடத்தும் நிலையில் இல்லை என்று அறிக்கை வந்தது. அண்ணன் கையெழுத்திட்டு அழைத்து வந்தார். மாத்திரை விடாமல் சாப்பிடுகிறான். பஜ்ருக்கு வருகிறான். எப்போதாவது ஊதுபத்தி அலமாரிப் பக்கம் பார்வை போகும். உடனே திருப்பிக் கொள்வான்.

இப்போது தெளிந்து விட்டான் என்று மருத்துவர் சான்று கொடுத்து விட்டதால் நின்ற வழக்கு மீண்டும் நடக்கிறது. அன்றிரவு அவன் எப்படி இருந்தான் என்பதுதான் இனிக் கேள்வி. சாட்சிப் பட்டியலில் நமது பெயரும் இருக்கிறது, ஒரு குறையும் கிடையாது என்று சொன்ன சாட்சியாக. அடுத்த மாதம் வாய்தா. அன்று நாம் கூண்டில் ஏறி, போலீஸில் சொன்னதற்கு மாறாக, தீப்பெட்டிகளைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் அவன் கேட்ட குரலைப் பற்றியும் சொல்லப் போகிறோம். அப்படியானால் அன்று ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று அரசு வக்கீல் கேட்பார். அவனுடைய தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்று சொல்ல வேண்டும்.